யாருக்கு விசுவாசம்? கட்சி மாறும் உறுப்பினரும் அணி மாறும் ஆட்டக்காரரும்

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் பேசிய தருமபுரித் தொகுதியின் பாமக உறுப்பினர் எஸ்.பி.வெங்கடேஸ்வரன், தமிழ்நாட்டு வீரர்களுக்கு இடம் தராத சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தடை செய்ய வேண்டும் என்று கோரினார். அதற்கு அடுத்த மாதம் 29ஆம் தேதி இரவு அகமதாபாத்தில் இறுதிப் போட்டி நடந்தது. சென்னை அணியின் சார்பில் அன்று களமிறங்கியவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. அந்த அணிக்கு எதிராக, குஜராத்துக்காக, 47 பந்துகளில் 96 ஓட்டங்களைக் குவித்தவர் சென்னையில் பிறந்து வளர்ந்த சாய் சுதர்சன். மழை நின்றபின் கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைச் சென்னைக்கு வாங்கித் தந்தார். அவர் சௌராஷ்டிரத்துக்காரர், அதாவது குஜராத் மாநிலத்தவர். ஊர்ப்பற்று என்ற கணக்கில் அந்த இரவைப் பார்த்தால் எல்லாமே இடம் மாறிக் கிடந்தன. ஆனாலும் சென்னைத் தெருக்களில் விடியும்வரை வெடி ஓயவில்லை.

பேரவையில் எழுந்த கோரிக்கை சரியா தவறா என்பதைக் காட்டிலும், அது எழுந்த இடமே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஓர் ஊரின் பெயரால், அந்த ஊர் மக்களின் வாக்கால் அவைக்குள் வந்த உறுப்பினர் எவராயினும், எந்தக் கட்சியினராயினும், தம் தொகுதியைப் பாதிக்கும் ஒரு மசோதாவில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஊருக்காக வாக்களித்தால், 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, பதவியையே இழக்க நேரிடும். ஏலத்தில் விலை பேசப்பட்டு, எந்த ஊருக்கு ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே இல்லாத ஒரு ஆட்டக்காரரிடம் நாம் ஊர்ப்பற்றைக் கேட்கிறோம். ஊருக்காகவே அனுப்பப்பட்டவரிடம் அந்த ஊர்ப்பற்று வெளிப்படுவதற்குச் சட்டம் போட்டுத் தண்டனை வைத்திருக்கிறோம். இந்தத் தலைகீழ் நிலையைப் பற்றி நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். கட்சிச் சண்டையாக மாற்றிவிடாமல் பேசுவோம்.

சட்டக்கல்லூரி மாணவி

ஐயா, உங்கள் கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் எந்தச் சூழலில் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1967 தேர்தலுக்குப் பிறகு வட மாநிலங்களில் ஆட்சிகள் மாதக் கணக்கில் கவிழ்ந்தன. ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்தே நாட்களில் மூன்று முறை அணி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற வழக்கு அவரால்தான் பிறந்தது. அமைச்சர் பதவியும் பணமும் கைமாறியதைத் தடுக்கவே ராஜீவ் காந்தி அரசு 52ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. முதலில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அதைப் பிளவு என்று ஏற்று விலக்கு அளித்தார்கள். அது மொத்த வியாபாரத்துக்கு வழிவிட்டதால் 2003இல் 91ஆவது திருத்தத்தின் மூலம் நீக்கினார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

தனி உறுப்பினரின் சுதந்திரம் என்று நாம் சொல்வது ஏட்டில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் அந்தச் சுதந்திரத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் மனசாட்சிக்காகப் பயன்படுத்தவில்லை. அந்தச் சட்டம் இல்லாத காலத்தை மறந்துவிட்டு அதைக் குறை சொல்லக்கூடாது என்பது என் நிலைப்பாடு.

அரூர்வாசி

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அந்தச் சட்டம் ஒரு தொகுதியின்மீது விழுந்தால் என்ன நடக்கும் என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2017 ஆகஸ்டில் 19 அதிமுக உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிச் சென்றுவிட்டார். மீதி 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். எங்கள் அரூரும் பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டியும் அந்தப் பதினெட்டில் அடக்கம். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர் வந்தது 2019 மே மாதத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 20 மாதங்கள்.

அந்த 20 மாதங்களில் எங்கள் ஊரில் யாரிடம் போவது என்று தெரியாமல் மக்கள் நின்றார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி, மனுவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, பூட்டியிருந்த சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே போய்விட்டுத்தான் இங்கே வந்ததாகச் சொன்னார். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, கட்சி மாறவில்லை, ஆளுநருக்குக் கடிதம் எழுதவில்லை. தண்டனை மட்டும் அவருக்கும் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரி 18 அன்று, கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த உறுப்பினர்கள் நேராகப் பேரவைக்கு அழைத்து வரப்பட்ட அந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், ஓ.பன்னீர்செல்வமும் அவரோடு இருந்தவர்களுமாக 11 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். முடிவு 122க்கு 11. அவையிலேயே எதிர்த்து வாக்களித்த அவர்கள் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை. ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்ததும் பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். வாக்களிக்காமல், கடிதம் மட்டும் கொடுத்த 18 பேர் பதவி இழந்தார்கள். சட்டம் ஒன்றுதான், பேரவைத் தலைவரும் ஒருவர்தான். அந்தச் சட்டம் ஊழலைத் தடுக்கிறது என்று சகோதரி சொல்வதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

சேப்பாக்கத்து ரசிகர்

அரசியல் பகுதியை அறிந்தவர்கள் பேசட்டும். விளையாட்டுப் பக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

ஊர்ப்பற்றை எதிர்பார்ப்பது தவறு என்று தொடக்கப் பதிவு சொல்வதுபோல் எனக்குப் படுகிறது. ஐபிஎல் அப்படித் தொடங்கவில்லை. 2008 ஏலத்துக்கு முன்பே மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், டெல்லிக்கு சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ் என்று ஊர்க்காரர்களை அடையாள வீரர்களாக ஒதுக்கினார்கள். சென்னைக்கு அப்படி ஒருவர் இல்லாததால்தான் கையில் இருந்த தொகையைக் கொண்டு ராஞ்சிக்காரரான தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டு மே மாதம் சேப்பாக்கத்தில் ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் நம் எல்.பாலாஜி. 2011 இறுதிப் போட்டி சேப்பாக்கத்திலேயே நடந்தது; முரளி விஜய் 95 அடித்தார்; அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை ஓட்டமின்றி வெளியேற்றினார். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, வெளியூர்க்காரர்களும் நம் ஊர்ப் பையன்களும் சேர்ந்து ஆடினால் அரங்கத்தின் சத்தமே வேறு என்பது தெரியும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகி வந்த நடராஜன், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கண்டெடுக்கப்பட்டவர். அவரைப் பஞ்சாப் எடுத்தது, ஐதராபாத் எடுத்தது, டெல்லி எடுத்தது. வாஷிங்டன் சுந்தர், வருண் சக்கரவர்த்தி, சாய் சுதர்சன் என்று வரிசை நீளுகிறது. தினேஷ் கார்த்திக் பதினேழு பருவங்கள் ஆடி ஓய்வு பெற்றார்; ஒரு முறைகூட மஞ்சள் சட்டை போடவில்லை. சென்னை என்ற பெயரை அணி பயன்படுத்துகிறது, அந்தப் பெயரால் வரும் பாசத்தையும் வருமானத்தையும் பெறுகிறது. அந்த ஊரின் திடல்களில் விளைந்தவர்களைத் தேடிப் பார்க்கும் கடமை அதற்கு இல்லையா? நான் ஆட்டக்காரரிடம் கேட்கவில்லை. அணி நிர்வாகத்திடம் கேட்கிறேன்.

முன்னாள் லீக் ஆட்டக்காரர்

சென்னையில் கீழ் டிவிஷன் லீக்கில் சில பருவங்கள் ஆடியவன் நான். ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஆடிய காலத்தில் ஒரு கிளப்பை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பழைய கிளப்பின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். எங்கள் கிளப்பில் அந்தக் கையெழுத்துக்காக ஒரு பருவம் முழுவதும் காத்திருந்த பந்துவீச்சாளர் ஒருவர் இருந்தார். அவரைப் பதினொருவரில் சேர்க்கவுமில்லை, விடுவிக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூவைக் கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய வேகம் இருந்த வயது அது. 'கிளப் உன்னை வளர்த்தது, விசுவாசம் வேண்டாமா' என்று அவரிடம் சொன்னார்கள். வளர்த்தது உண்மைதான். ஆனால் விசுவாசத்தைக் கேட்பவர்கள் கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். ராஜஸ்தான் அணியில் இருந்த ஜடேஜா, அந்த அணியின் விடுவிப்பு இல்லாமலேயே வேறு அணியோடு தம் ஒப்பந்தத்தைப் பேச முயன்றார் என்பதற்காக 2010 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார். தம் உழைப்புக்குத் தாமே விலை பேசியதுதான் குற்றம். பின்னர் சென்னையின் தூணாக இருந்தார்; 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. ஆட்டக்காரர் போக நினைத்தால் துரோகம், நிர்வாகம் அனுப்பினால் வியூகம். இப்போது ஏலத்தில் எடுக்கப்பட்டபின் தக்க காரணமின்றி விலகினால் இரண்டு பருவங்கள் தடை என்ற விதியும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025இல் அந்தத் தடைக்கு உள்ளானார்.

ஐரோப்பாவில் 1995 வரை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கால்பந்து வீரரை விடுவிக்க கிளப் பணம் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. ஜான்-மார்க் பொஸ்மான் என்ற பெல்ஜிய வீரர் வழக்குத் தொடுத்து, ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்று, அதை மாற்றினார். அவருக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் அதன் பலனை அனுபவித்தார்கள். அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கிலேயே கரைந்தது. ஆட்டக்காரருக்குச் சொந்த ஊர் உண்டு. ஊர்மேல் அன்பும் உண்டு. அஸ்வின் வேறு நான்கு அணிகளைச் சுற்றிவிட்டு 2025 பருவத்துக்குச் சென்னைக்குத் திரும்பியபோது அவருக்கு இருந்த மகிழ்ச்சியை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அதுவும் ஏலத்தில் 9.75 கோடிக்கு வேறு எவரும் மேலே கேட்காததால் நடந்ததே தவிர, அவர் விரும்பியதால் மட்டும் நடக்கவில்லை.

பொருநைக்கரை

லீக் ஆட்டக்காரர் சொன்ன அந்தப் பேனாதான் நான் பேச விரும்பிய பொருள். இரண்டு துறைகளிலும் விசுவாசம் என்ற பெயரில் நடப்பது, கீழே இருப்பவரின் வெளியேறும் உரிமையை மேலே இருப்பவர் கையில் வைத்துக்கொள்வது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆட்டக்காரர் விற்பது தம் திறமையை. சட்டமன்ற உறுப்பினரிடம் இருப்பது அவருடைய சொத்து இல்லை. லட்சக்கணக்கானவர்கள் நம்பி ஒப்படைத்தது. ஆகவே ஆட்டக்காரருக்கு நான் முழுச் சுதந்திரம் கேட்கிறேன். உறுப்பினருக்குக் கேட்பது குறுகிய சுதந்திரம்தான்: பேசவும் வாக்களிக்கவும் உள்ள சுதந்திரம். பதவிக்காக மறுபக்கம் போய் உட்காரும் சுதந்திரத்தை நான் கேட்கவில்லை.

சேப்பாக்கத்து நண்பர் நிர்வாகத்திடம் கேட்பது நியாயம்தான். ஆனால் அதைச் சட்டமாக்கித் தடை போடு என்று கேட்கும்போது, ஊர்ப்பற்று அரசாங்கத்தின் கைக்குப் போய்விடுகிறது. 2013இல் என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். இலங்கையில் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமைகளால் இங்கே கொந்தளிப்பு இருந்தது. அந்த வேதனை உண்மையானது, அதில் எனக்கும் பங்கு உண்டு. முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆட மாட்டார்கள் என்று ஐபிஎல் நிர்வாகம் அறிவித்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதே சேப்பாக்கத்தில் இலங்கையின் பதிரனாவுக்கும் தீக்ஷனாவுக்கும் கைதட்டினோம். ஆட்சியும் சூழலும் மாறும்போது யார் நம்மவர் என்பதும் மாறினால், அதைச் சட்டத்தால் வரையறுக்க முற்படுவது ஆட்டக்காரர்களுக்குத்தான் ஆபத்து.

மூன்றாம் தலைமுறைத் தொண்டன்

என் தாத்தா காலத்திலிருந்து ஒரே கட்சியில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் விவாதம் அதன்மீது போய்விடும்.

உறுப்பினரின் சுதந்திரம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். அவரை உறுப்பினராக்கியவர்கள் யார்? வெயிலில் சுவரெழுதி, பூத்தில் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலைத் தெருத்தெருவாகச் சரிபார்த்தவர்கள் நாங்கள். மக்கள் பெரும்பாலும் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கிறார்கள். இதற்கு ஆதாரம் அரூர் நண்பர் சொன்ன அதே இடைத்தேர்தலில் இருக்கிறது. 2019இல் 22 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. திமுக 13, அதிமுக 9. தகுதிநீக்கம் செய்யப்பட்டவர்கள் பலர் டி.டி.வி.தினகரனின் அமமுக சார்பில் நின்றார்கள். அந்தக் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் மறுபடி இரட்டை இலைக்கே போயின. மக்கள் வாக்களித்தது ஆளுக்கா, சின்னத்துக்கா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? சின்னத்துக்குக் கிடைத்த வாக்கை எடுத்துக்கொண்டு ஒருவர் தம் விருப்பப்படி நடந்தால், அது எங்கள் உழைப்பைத் திருடுவது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்சிக்குள் பேச இடம் இல்லை. எங்கள் ஒன்றியத்தில் வேட்பாளர் யார் என்று தொண்டர்களை எவரும் கேட்டதில்லை. பெயர் பட்டியலைத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறோம். என் அப்பா ஒரு முறை கூட்டத்தில் எழுந்து, ஏரியை ஆக்கிரமித்தவருக்குக் கட்சிப் பொறுப்பு கொடுத்தது ஏன் என்று கேட்டார். அடுத்த மாதமே அவர் வகித்த கிளைப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அவர் கட்சியை விடவில்லை. கடைசிவரை கரைவேட்டிதான் கட்டினார். அவரிடம் இருந்ததை விசுவாசம் என்று சொல்வேன். அதை யாரும் சட்டம் போட்டு வாங்கவில்லை.

அரூர்வாசி

தொண்டன் ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தப் பட்டியலில் அரவக்குறிச்சியையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் அங்கே செந்தில் பாலாஜி அதிமுக வேட்பாளராக வென்றார். தகுதிநீக்கத்துக்குப் பிறகு திமுகவில் சேர்ந்து, 2019இல் அதே தொகுதியில் உதயசூரியனில் நின்றும் வென்றார். ஆளுக்கும் வாக்கு உண்டு, சின்னத்துக்கும் வாக்கு உண்டு. எவ்வளவு எதற்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் வாக்காளர். பேரவைத் தலைவரிடம் அதை விடக்கூடாது. அணி மாற நினைப்பவர் பதவி விலகி மக்களிடம் திரும்பி வரட்டும் என்பதே என் விருப்பம்.

சட்டக்கல்லூரி மாணவி

பதவி விலகி வருவதிலும் சிக்கல் இருக்கிறது. கர்நாடகத்தில் 2019இல் ஆளும் கூட்டணியின் 17 உறுப்பினர்கள் விலகலுக்கும் தகுதிநீக்கத்துக்கும் உள்ளானார்கள், அரசு கவிழ்ந்தது. உச்சநீதிமன்றம் தகுதிநீக்கத்தை உறுதி செய்தது. ஆனால் மீண்டும் போட்டியிடலாம் என்றது. டிசம்பரில் 15 இடங்களுக்கு நடந்த தேர்தலில் பாஜக 12 இடங்களை வென்றது. அரூர் ஐயாவின் அளவுகோலின்படி மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அது வியாபாரம் இல்லை என்று நம்மில் எத்தனை பேர் உறுதியாகச் சொல்வோம்?

ஆனாலும் இந்த இழையைப் படித்தபின் சட்டத்தின் ஒரு பகுதியை நான் வேறு கோணத்தில் பார்க்கிறேன். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது அவர் பரங்கிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். சில நாட்களில் தனிக்கட்சி தொடங்கினார், உறுப்பினராகவே தொடர்ந்தார், அடுத்த ஆண்டு மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அவருடைய கட்சி வென்றது. இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால் அவருடைய பதவி போயிருக்கும். இதைச் சொல்வதற்கு நம் பேரவையிலிருந்தே ஒரு தீர்ப்பு உண்டு. அதிமுகவிலிருந்து நீக்கப்பட்ட ஜி.விஸ்வநாதன் மதிமுகவில் சேர்ந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 1996இல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றது: கட்சி நீக்கினாலும், எந்தக் கட்சி நிறுத்தியதோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே அவர் கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் முதல் கட்சியைத் தாமாக விட்டதாகப் பொருள். கட்சி அவரை வேண்டாம் என்று சொல்லலாம், அவர் கட்சியை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. லீக் ஆட்டக்காரர் ஐயா சொன்ன, பதினொருவரில் சேர்க்கவுமில்லை, விடுவிக்கவுமில்லை என்ற பந்துவீச்சாளரின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

யார்க்‌ஷயர் தமிழன்

நான் இங்கிலாந்தில் வசிப்பவன். இரண்டு செய்திகள் மட்டும் சொல்கிறேன்.

2019 செப்டம்பரில் ஒப்பந்தமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க, ஆளும் கன்சர்வேடிவ் கட்சியின் 21 உறுப்பினர்கள் தம் அரசுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். முன்னாள் நிதியமைச்சர்களான கென்னத் கிளார்க்கும் பிலிப் ஹாமண்டும் அவர்களில் அடக்கம். கட்சி அவர்களை நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியேற்றியது. ஆனால் அடுத்த பொதுத்தேர்தல் வரை அவர்கள் தொகுதிகளுக்கு உறுப்பினர்களாகவே இருந்தார்கள். கட்சி தன் உறவை முறித்துக்கொள்ளலாம். தொகுதிக்கும் உறுப்பினருக்கும் உள்ள உறவை முறிக்கும் அதிகாரம் கட்சிக்கு அங்கே இல்லை.

விளையாட்டில், யார்க்‌ஷயர் கவுண்டி அணி தன் மண்ணில் பிறந்தவர்களை மட்டுமே ஆடவைக்கும் மரபை நீண்ட காலம் கடைப்பிடித்தது. 1992இல்தான் முதன்முதலாக ஒரு வெளிநாட்டு வீரரை எடுத்தார்கள். அவர் பத்தொன்பது வயது சச்சின் டெண்டுல்கர். ஸ்பெயினில் பில்பாவோ நகரின் அத்லெட்டிக் கிளப் இன்றும் பாஸ்க் வட்டாரத்தில் பிறந்த, அல்லது அங்கே பயிற்சி பெற்ற வீரர்களை மட்டுமே சேர்க்கிறது. முதல்நிலைப் பிரிவிலிருந்து ஒரு முறைகூட இறங்கியதில்லை. யாரும் சட்டம் போட்டு அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கோப்பைகள் குறைந்தாலும் பரவாயில்லை என்று அந்த ஊரே முடிவெடுத்து அதன் விலையைக் கொடுக்கிறது. சென்னை ரசிகர்கள் அந்த விலையைக் கொடுக்க அணியமாக இருக்கிறார்களா?

சேப்பாக்கத்து ரசிகர்

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோர் இல்லை. ரஞ்சிக் கோப்பை ஆட்டத்துக்குச் சேப்பாக்கம் வந்து பார்த்தால் தெரியும். பதினொரு பேரும் தமிழ்நாட்டுக்கு ஆடுகிறார்கள். நுழைவுக் கட்டணம்கூட இல்லை. நிழல் விழும் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் சிலர் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருப்பார்கள். 1987-88க்குப் பிறகு நாம் அந்தக் கோப்பையை வெல்லவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. ஊர்ப் பையன்கள் வேண்டும் என்று கேட்கும் நாம் அவர்கள் ஆடும் இடத்துக்குப் போவதில்லை. இது எனக்கு வலிக்கிறது.

அதற்காக ரசிகரின் பற்று பொய் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே காலணி வீசப்பட்டு, சென்னையின் மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சென்னையிலிருந்து தனி ரயிலில் ஏறிப் புனே போய் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதே நாட்களில் காவிரிக்காக மெரினா சாலையில் நின்றவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். ஒருவரையொருவர் துரோகி என்று அழைத்துக்கொண்டார்கள். இருவரும் ஊரின் பெயரால்தான் அப்படிச் செய்தார்கள்.

ஹர்திக் பாண்டியா 2023 இறுதியில் குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனபோது, அகமதாபாத்தில் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள், அது புரிகிறது. வான்கடேயில் மும்பை ரசிகர்களும் அதையே செய்தார்கள். ரசிகரின் பற்றுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று அன்று தோன்றியது. களத்தில் நிற்பவரும் ஒரு மனிதர்.

மூன்றாம் தலைமுறைத் தொண்டன்

மாணவி சொன்ன 1996 தீர்ப்பு எனக்குப் புதிது. கட்சியே நீக்கியவரைக் கட்சியின் பெயரால் கட்டிவைப்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பில் கட்சியைக் கைவிடுபவர் பதவியில் நீடிக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பொருநைக்கரை

அந்த இடத்தில் நமக்குள் வேறுபாடே இல்லை, ஐயா. 1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது ஏறத்தாழ இதைத்தான்: கட்சியைத் தாமாக விடுபவருக்கும், நம்பிக்கைத் தீர்மானம் போன்ற அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் கொறடாவை மீறுபவருக்கும் மட்டும் தகுதிநீக்கம் போதும். 1992இல் கிஹோட்டோ ஹொலோஹான் வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சட்டத்தைச் செல்லும் என்று சொன்னபோதும், கொறடாவின் கட்டுப்பாட்டை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கும் உட்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி இதே நோக்கத்தில் மக்களவையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனிநபர் மசோதா கொண்டுவந்தார். எந்தப் பெரிய கட்சியும் கையில் எடுக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்களுக்கும் ஆட்சிக்கு வர நினைப்பவர்களுக்கும் அந்தப் பேனா தேவைப்படுகிறது.

அதோடு, முடிவெடுக்கும் அதிகாரம் ஆளுங்கட்சியிலிருந்து வந்த பேரவைத் தலைவரிடமே இருப்பதையும் மாற்ற வேண்டும். 2020இல் மணிப்பூர் உறுப்பினர் ஒருவரின் தகுதிநீக்கம் பற்றிய வழக்கில், சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும், தனித் தீர்ப்பாயம் அமைப்பதை நாடாளுமன்றம் ஆராய வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் சொன்னது. அப்படி ஒன்று 2017இல் இருந்திருந்தால், அந்தப் பதினொருவருக்கும் பதினெட்டுப் பேருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தியிருக்கும்.

ஆட்டக்காரருக்கு நான் கேட்பது இன்னும் எளியது. ஒப்பந்தம் முடிந்தபின் எந்த அணிக்கு ஆடுவது என்று அவரே பேசட்டும். ஏலம் நடக்கட்டும், ஆனால் தம் சொந்த ஊர் அணிக்குக் குறைந்த விலையிலும் ஆட விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு விதியில் ஓர் இடம் வேண்டும். சேப்பாக்கத்து நண்பர் தேடும் ஊர்ப்பற்று அந்த வழியாகத்தான் வர முடியும். லீக் ஆட்டக்காரர் ஐயா, இதை நடைமுறைப்படுத்தினால் பணக்கார அணிகள் மறைமுகமாகப் பணம் கொடுத்து வளைக்கும் என்ற அச்சம் இருக்கிறது. உள்ளிருந்து பார்த்தவர் நீங்கள். அதற்கு என்ன தடுப்பு வைக்கலாம் என்று எழுதுங்கள்.

முன்னாள் லீக் ஆட்டக்காரர்

அச்சம் நியாயமானதுதான். அணியின் மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு இப்போதே இருக்கிறது. சொந்த ஊர் வீரர் குறைந்த விலைக்கு வந்தாலும், கடைசி ஏலத்தில் அவருக்குக் கிடைத்த தொகையை அந்த வரம்பில் கழித்துக்கொண்டால், அணிக்கு லாபக் கணக்கு பார்க்க வழி இருக்காது. வீரருக்குத் தம் ஊருக்கு ஆடும் வாய்ப்பு மட்டும் மிஞ்சும். ஆண்டுக்கு ஓர் அணிக்கு இருவர் என்று வரம்பு வைத்தால் ஏலமும் குலையாது. இதைவிட முக்கியம், ஒப்பந்தம் பேசும்போது வீரருக்காகப் பேச ஒரு சங்கம் வேண்டும். இன்று ஆடிக்கொண்டிருக்கும் இந்திய வீரர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் 2019இல் ஒரு சங்கம் அமைந்தது. ஆடுபவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நாள் வராமல் இந்த விதிகளில் ஒன்றும் மாறாது. அதை எப்படித் தொடங்குவது என்பதைப் பற்றி, மாவட்ட அளவில் ஆடும் தம்பிகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.